கையால் செய்யும் அக்கூஸ்டிக் கிட்டார்: மரத்தையும் வசதிப் பாகங்களையும் எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

கைவேலைக் கிட்டாருக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பின்பலகைப் படத்தில்தான் தொடங்குகிறார்கள். ஈட்டி மரத்தின் ஊதா வரியோ ஹவாய்த் தீவின் கோவா மரத்தின் மினுமினுப்போ கண்ணில் விழுந்துவிடும். மற்றதெல்லாம் "வழக்கமா என்ன போடுவீங்களோ அதையே போட்டுடுங்க" என்று முடிந்துவிடும். மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கிட்டார் பார்க்க லட்சணமாக இருக்கும்; அரை மணி நேரம் வாசித்தால் மணிக்கட்டு கடுக்கும்.

கீழே உள்ள வரிசைக்கு ஒரே ஒரு காரணம்தான்: பின்னால் மாற்ற முடியாததை முதலில் முடிவு செய்ய வேண்டும். உடலின் ஆழம், நெக்கின் (இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதி) அகலம், கை சாயும் விளிம்பு ஆகியவை முதலில் வரும். ஓசையைப் பெரிதும் தீர்மானிக்கும் மேற்பலகை அடுத்தது. பின்பலகை மரம் அதற்குப் பிறகு. ஸ்ட்ராப், கால்மணை போன்றவற்றைக் கிட்டார் வந்த பிறகு வாங்கினாலும் குடி முழுகிப் போகாது. அளவுகள் எல்லாம் ஆறு கம்பி ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டாருக்கானவை.

1. ஆர்டருக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் இப்போது வாசிக்கும் கிட்டாரை அளந்துகொள்ளுங்கள். 150 மி.மீ. எஃகு ஸ்கேல், ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு டேப் போதும். நட்டின் (நெக்கின் தலைமுனையில் கம்பிகள் பதியும் துண்டு) அகலம், முதல் ஃப்ரெட்டிலும் 9ஆம் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) நெக்கின் கனம், நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் வரை உள்ள தூரம் (அதன் இரு மடங்குதான் ஸ்கேல் நீளம்), உடலின் கீழ்ப்பகுதி அகலம், ஆழம், 12ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம். இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதுங்கள். "கொஞ்சம் மெல்லிய நெக் வேணும்" என்று சொன்னால் கிட்டார் செய்பவருக்கு எதுவும் விளங்காது. "இப்போது 21.5 மி.மீ., எனக்கு 20.5 வேண்டும்" என்றால் விளங்கும்.

எந்தக் கம்பி போடுவீர்கள் என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். 12-53 செட் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) வழக்கமான சுருதியில் ஏறக்குறைய 74 கிலோ இழுவிசை தரும். 13-56 செட் 80 கிலோவைத் தாண்டும். மேற்பலகையின் கனமும் உள்ளே ஒட்டும் பிரேசிங்கும் (பலகையைத் தாங்கும் மரச் சட்டங்கள்) இந்த எண்ணை வைத்துத்தான் செதுக்கப்படுகின்றன. 11-52க்காக மெலிதாகச் செய்த கிட்டாரில் பிறகு 13 போட்டால் கம்பிகள் பூட்டப்படும் பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை வயிறு தள்ளும்.

ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானியும் வாங்கிவிடுங்கள். விலை மலிந்த மானி 5 முதல் 10 புள்ளி வரை பொய் சொல்லும், அதனால் முதலில் சோதியுங்கள். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பை நிரப்பி, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு ஜிப் கவரில் வைத்து மூடிவிடுங்கள். உப்பு கரையக் கூடாது. 10 மணி நேரம் கழித்து மானி 75% காட்ட வேண்டும். 70 காட்டினால், இனி காட்டுவதில் எல்லாம் 5 கூட்டிப் படியுங்கள். இந்த எண் 12ஆம் பகுதியில் தேவைப்படும்.

2. உடல் அளவு

ட்ரெட்நாட் எனப்படும் பெரிய உடலின் கீழ்ப்பகுதி ஏறக்குறைய 397 மி.மீ. அகலம், ஆழம் 124 மி.மீ. வாக்கில். அதைவிடச் சிறிய ஓஎம் (ஆர்க்கெஸ்ட்ரா மாடல்) வகை 381 மி.மீ. அகலம், 105 மி.மீ. ஆழம். அகலத்தில் 16 மி.மீ. வித்தியாசம் உடம்புக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆழத்தில் 19 மி.மீ. நன்றாகவே தெரியும், ஏனென்றால் வலது தோளை மேலே தூக்குவது அந்த ஆழம்தான்.

சோதிக்கும் முறை எளிது. கைப்பிடி இல்லாத 45 செ.மீ. உயர நாற்காலியில் உட்கார்ந்து, கடையிலோ நண்பரிடமோ கிடைக்கும் இரண்டு அளவுகளையும் தலா 20 நிமிடம் வாசியுங்கள். 5 நிமிடம் போதாது, தோள் வலி 10 நிமிடத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். எதிரில் ஒருவரை நிற்க வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வலது தோள் இடது தோளைவிட உயர்ந்திருந்தால் ஆழம் அதிகம். முன்கையின் உள்பக்கத்தில் சிவப்புக் கோடு விழுந்திருந்தால் 4ஆம் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

உயரத்தை மட்டும் பார்த்து அளவு சொல்லும் அட்டவணைகளை நம்ப வேண்டாம். ஆறடி ஆளுக்கும் கை குட்டையாக இருக்கலாம்.

3. நெக்கின் அளவுகள்

நட் அகலத்தில் மூன்று அளவுகள் பெரும்பாலும் பேசப்படும்: 43, 44.5, 46 மி.மீ. கோர்ட் பிடித்துத் தட்டி வாசிப்பவருக்கு 43 போதும். விரலால் மீட்டுபவருக்கு 44.5. அதற்கு மேல் போவது விரல் நுனி தடித்தவர்களுக்கு. நட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிட்ஜில் கம்பி இடைவெளியை மறந்துவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. வலது கைக்குத் தெரியும் அகலம் பிரிட்ஜில் இருக்கிறது: தட்டுபவருக்கு 54, விரல்காரருக்கு 57 மி.மீ. வாக்கில். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஸ்கேல் நீளம் 648 மி.மீ.யிலிருந்து 632க்குக் குறைந்தால் அதே கம்பி, அதே சுருதிக்கு இழுவிசை ஏறக்குறைய 5% குறையும். சின்னக் கைக்கும் கம்பியை வளைத்து வாசிப்பவருக்கும் அது நிம்மதி. சுருதியைக் குறைத்து வாசிப்பவர் நீளமான ஸ்கேலில் இருப்பதே மேல். இல்லாவிட்டால் கம்பி தொளதொளத்து ஃப்ரெட்டில் அடிக்கும்.

கமகம் வாசிப்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கூடுதலாகக் கேளுங்கள். ஃப்ரெட்போர்டின் வளைவு ஆரம் 406 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். வளைவு அதிகமான போர்டில் கம்பியைத் தள்ளும்போது அடுத்த மேட்டில் அது உரசி நின்றுவிடும். ஃப்ரெட் கம்பியின் உயரம் 1.2 மி.மீ. வாக்கில் இருந்தால் விரல் மரத்தில் தேயாமல் கம்பியைப் பிடித்து இழுக்க முடியும். இப்படி இழுப்பவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட் கூடுதல் காசுக்குத் தகும். சாதாரண நிக்கல் சில்வர் சீக்கிரம் பள்ளம் விழும்.

4. கட்டும்போதே முடிவாக வேண்டிய வசதிகள்

ஆர்ம் பெவல்: வலது முன்கை சாயும் விளிம்பைக் கூர்முனை இல்லாமல் சரிவாகச் செதுக்குவது. அதற்காக உள்ளே, பக்கமும் மேற்பலகையும் சேரும் இடத்தில், கனமான மரம் முன்பே ஒட்டியிருக்க வேண்டும். சாதாரண கிட்டாரில் அந்த விளிம்பைச் செதுக்கினால் ஒட்டு விட்டுப்போகும். அதனால் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நீளத்தை உங்கள் கை சாயும் இடத்தில் வையுங்கள்: மேற்பலகையில் மாஸ்கிங் டேப் ஒட்டி வாசித்து, கை தொடும் இரு எல்லைகளையும் பென்சிலால் குறித்து, படம் அனுப்புங்கள். பல கிட்டார்களில் பெவல் அழகான இடத்தில் இருக்கும், கை வேறிடத்தில் சாயும்.

வெட்ஜ் உடல்: கனடாவைச் சேர்ந்த லிண்டா மன்சர் அறிமுகப்படுத்திய வடிவம். தடித்த கம்பிப் பக்கம் ஆழம் குறைவு, மெல்லிய கம்பிப் பக்கம் அதிகம். உள்ளே இருக்கும் காற்றின் அளவு மாறாமல் கைக்கு அடியில் மட்டும் கிட்டார் மெலிகிறது. தோள் வலிக்காரர்களுக்கு ஆர்ம் பெவலைவிட இதுவே உருப்படியான மருந்து. பெவலும் வெட்ஜும் சேர்த்துக் கேட்பது பெரும்பாலும் காசுக்குக் கேடு. 2ஆம் பகுதியில் எடுத்த படத்தைப் பாருங்கள். தோள் உயர்ந்தால் வெட்ஜ், கையில் கோடு விழுந்தால் பெவல்.

பக்கத் துளை: வாசிப்பவரின் காதைப் பார்த்தபடி மேல் பக்கத்தில் 40 முதல் 50 மி.மீ. அளவில் ஒரு திறப்பு. கூடத்தில் உட்கார்ந்தவருக்கு இதனால் பெரிதாக ஒன்றும் இல்லை. வாசிப்பவருக்குத் தன் ஓசை தெளிவாகக் கேட்கும். 2 மி.மீ. கனமுள்ள பக்கப் பலகையில் வெட்டுவதால் உள்ளே குறுக்கு நாராக ஒரு தகடு ஒட்டிப் பலப்படுத்தியிருக்க வேண்டும். அது இல்லாமல் வெட்டிய துளையின் ஓரத்தில் நார் வாக்கில் விரிசல் ஓடும்.

ஸ்ட்ராப் பட்டன்: பின்முனையில் ஒன்று எப்படியும் வரும். நெக் சேரும் ஹீலில் இரண்டாவது பட்டனை ஆர்டரிலேயே எழுதுங்கள். நெக்கைப் போல்ட் வைத்துப் பூட்டும் கிட்டாரில் எந்த இடத்தில் போல்ட் ஓடுகிறது என்று செய்தவருக்குத்தான் தெரியும். வீட்டில் துளையிட்டு ஹீலைப் பிளந்தவர்கள் நிறையப் பேர். மெல்லிய கம்பிப் பக்கத்தில் பட்டன் இருந்தால் கிட்டார் உடம்போடு ஒட்டி நிற்கும். ஹீலின் முதுகில் இருந்தால் முகம் குப்புறச் சாயும்.

பிக்கப் (ஓசையை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி) வேண்டுமா என்பதும் இங்கேயே. பின்முனைப் பட்டன் வழியாக ஜாக் (கேபிள் செருகும் வாய்) வந்தால் 12.7 மி.மீ. துளை தேவை, அதற்கேற்ப உள்ளே மரக்கட்டை கனமாக வேண்டும்.

5. மேற்பலகை

பணத்தையும் கவலையையும் இங்கே கொட்டுங்கள். கம்பியின் அசைவு பிரிட்ஜ் வழியாக இந்தப் பலகையை ஆட்டுகிறது, ஓசையின் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. எடை குறைவாக, நார் வாக்கில் விறைப்பாக, அதிர்வைச் சீக்கிரம் விழுங்கிவிடாமல் இருக்க வேண்டும். ஸ்ப்ரூஸும் சிடாரும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

சிட்கா ஸ்ப்ரூஸ் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வருவது. ஒரு கன மீட்டர் 425 கிலோ வாக்கில். தட்டலுக்கும் விரலுக்கும் பொதுவானது, முடிவு தெரியாதவர்களுக்கு இதுவே சரி. ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் சற்று லேசு, மெல்லிய தொடுதலுக்குச் சீக்கிரம் பதில் சொல்லும். ஆடிரொண்டாக் எனப்படும் சிவப்பு ஸ்ப்ரூஸ் விறைப்பு மிக்கது. ஓங்கித் தட்டினாலும் ஓசை கலங்காது, ஆனால் மெதுவாக வாசிப்பவருக்கு விறைத்த மாதிரி இருக்கும். எங்கல்மன் மென்மையானது.

மேற்கத்திய சிவப்பு சிடார் 370 கிலோ வாக்கில் இருக்கும். விரலால் மட்டும் வாசிப்பவருக்கு அருமை. ஓங்கி அடித்தால் ஒரு கட்டத்துக்கு மேல் ஓசை ஏறாது, கலங்கும். நகம் பட்டாலே பள்ளம் விழும். பிளெக்ட்ரம் வைத்துத் தட்டுவேன் என்பவர் சிடார் கேட்டால் நல்ல பட்டறையில் ஒருமுறைக்கு இருமுறை கேட்பார்கள். கேட்காமல் ஒப்புக்கொள்ளும் பட்டறையைப் பற்றி யோசியுங்கள்.

இனத்தின் பெயரைவிட ஒன்று முக்கியம்: ஒரே சிட்கா இனத்துக்குள் பலகைக்குப் பலகை இருக்கும் வித்தியாசம், சிட்காவுக்கும் ஐரோப்பிய ஸ்ப்ரூஸுக்கும் உள்ள சராசரி வித்தியாசத்தைவிடப் பெரியது. எனவே "சிட்கா" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். இரண்டு மூன்று பலகைகளைக் காட்டச் சொல்லுங்கள். நேரில் போனால் இப்படிப் பாருங்கள்.

முதலில் பலகையின் குறுக்கு முனை. ஆண்டு வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக, சீப்புப் பல் மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும். 90 பாகையிலிருந்து 10 பாகை விலகினால் பரவாயில்லை. 30 பாகை சாய்ந்தால் குறுக்கு விறைப்பு சட்டென்று விழும், ஈரத்தில் அதிகம் நெளியும். செங்குத்தாக அறுத்த பலகையின் முகத்தில், வரிகளுக்குக் குறுக்கே பட்டு நூல் மாதிரி மெல்லிய பளபளப்பு தெரியும்.

அடுத்து நார்ச் சாய்வு. இரண்டு பாதிகளையும் புத்தகம் விரித்தது போல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாயுங்கள். ஒரு பாதி இருண்டும் மறுபாதி வெளுத்தும் தெரிந்து, திருப்பிப் பிடித்ததும் இருட்டு இடம் மாறினால் நார் பலகை முகத்துக்கு இணையாக ஓடவில்லை, முகத்தை வெட்டிக்கொண்டு வெளியேறுகிறது என்று பொருள். மரத்தைப் பிளக்காமல் கண்ணை மூடிக்கொண்டு அறுத்ததன் விளைவு. லேசாக இருந்தால் கண்ணுக்கு மட்டும் குறை. கடுமையாக இருந்தால் பிரிட்ஜ் இழுக்கும் இடத்தில் பலகை பலவீனம்.

கடைசியாகத் தட்டிப் பார்ப்பது. மேல் முனையிலிருந்து நீளத்தில் கால் பங்கு கீழே, ஓரத்திலிருந்து சற்று உள்ளே, கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் நுனியில் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் மறுகை விரல் சதையால் தட்டுங்கள். பிடித்த இடம் தவறானால் எந்த நல்ல பலகையும் அட்டைப் பெட்டி போலத்தான் ஒலிக்கும், அதனால் பிடியை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். கவனிக்க வேண்டியது ஓசை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை. சுருதி உயர்ந்த பலகையை நல்ல பலகை என்று எடுத்துவிடுவது புதியவர்களின் வழக்கம். பலகை தடிமனாக இருந்தாலே சுருதி உயரும். ஒரே தடிமன், ஒரே அளவுள்ள பலகைகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

வரி நெருக்கத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். செ.மீ.க்கு 3 வரி ஓடும் பலகையும் நல்ல கிட்டாராகும், 8 வரி ஓடுவதும் ஆகும். மூன்று 'ஏ', நான்கு 'ஏ' என்ற தரக் குறிகள் பெரும்பாலும் நிறச்சீர்மைக்கும் வரிச்சீர்மைக்கும் விற்பவர் தானே போட்டுக்கொள்பவை; எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது.

பலகையின் கனத்தை நீங்கள் சொல்லாதீர்கள். 2.5 முதல் 3 மி.மீ.க்குள் எங்கோ முடியும். எங்கே என்பதைப் பலகையை வளைத்துப் பார்த்து முடிவு செய்வது செய்பவரின் வேலை. விறைத்த பலகையை இன்னும் மெலிதாக்கலாம், தொய்ந்ததைக் கனமாக விடவேண்டும். "2.6 வேண்டும்" என்று எண் கொடுத்தால் அந்தக் கைத்திறனைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யச் சொல்கிறீர்கள்.

6. பின்பலகையும் பக்கங்களும்

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட சோதனையில், பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வேறுபட்ட 6 கிட்டார்களை 52 பேர் கண்ணுக்குத் தெரியாதபடி வாசித்தார்கள். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள், சப்பேலே, வால்நட். மதிப்பெண்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. விலைக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. இதனால் பின்மரத்துக்கு ஓசையில் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பட்ஜெட்டில் கடைசி இடம் இதற்குத்தான் என்பதற்குப் போதுமான சான்று.

எடைதான் கைக்குத் தெரியும் வேறுபாடு. ஈட்டி கன மீட்டருக்கு 830 கிலோ வாக்கில், மகோகனி 590, வால்நட் 610, கடின மேப்பிள் 700 வாக்கில். நின்று வாசிப்பவருக்கு மகோகனியோ வால்நட்டோ தோளுக்கு இதம்.

தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் நாம் சொல்வதுதான் உலகம் முழுக்க இந்திய ரோஸ்வுட் என்று விற்கும் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. கிட்டார் உலகில் இது நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம். நல்ல தகட்டில் வரி நேராக, வெளிர் சோற்றுக்கட்டை (மரத்தின் வெளி அடுக்கு) கலக்காமல் இருக்கும். எண்ணெய்ப் பசை உள்ள மரம், அதனால் ஒட்டுவதற்குச் சற்று முன்பு புதிதாகச் சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். பிரேஸ் விட்டுப்போவது இந்த மரத்தில் நேரும் புகார்.

வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு: டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் (பிரேசில் ரோஸ்வுட் நீங்கலாக) 2017 ஜனவரி 2 முதல் சைட்டீஸ் எனப்படும், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. முழுமையாக முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு உண்டு. அறுத்த தகடாக அனுப்பினால் அந்த விலக்கு பொருந்தாது. பிரேசில் ரோஸ்வுட் முதல் பட்டியலில் 1992 முதல் இருக்கிறது. காகிதம் இல்லாத துண்டை யார் மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பலா மரம் கேட்பவர்கள் உண்டு. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாதானே என்பது நியாயமான கேள்வி. ஆனால் அங்கே கட்டையைக் குடைகிறார்கள்; கிட்டார் பக்கப் பலகை 2 மி.மீ. தகடாகச் சீவப்பட்டு, ஈரமும் சூடும் காட்டி இடுப்பு வளைவுக்கு வளைக்கப்படுகிறது. அந்தப் பட்டறை பலாவை ஏற்கெனவே வளைத்துப் பழகியிருந்தால் மட்டும் கேளுங்கள். உங்கள் கிட்டார் அவர்களின் முதல் பலாவாக இருக்க வேண்டாம்.

7. நெக், ஃப்ரெட்போர்டு, பிரிட்ஜ் மரங்கள்

நெக்குக்கு மகோகனி அல்லது ஸ்பானிஷ் சிடார். இரண்டும் லேசு, ஈரத்தில் அதிகம் திரும்பாது. மேப்பிள் கனம், தலைப்பக்கம் இழுக்கும். உள்ளே ட்ரஸ் ராடின் (நெக்கின் வளைவைத் திருகிச் சரிசெய்யும் உலோகத் தண்டு) இரு பக்கமும் மெல்லிய கார்பன் பட்டைகள் வைக்கச் சொன்னால், ஈரம் மாறும் ஊர்களில் நெக் அடம் பிடிப்பது குறையும். சின்னச் செலவு.

ஃப்ரெட்போர்டுக்கு எபனி அல்லது ஈட்டி. தமிழில் கருங்காலி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் நடமாடுகின்றன. மாலைக்கு விற்கும் கருங்காலி வேறு மரமாகவும் இருக்கலாம், கிட்டாருக்கு வேண்டியது டயோஸ்பைரோஸ் இனம். ஆர்டர் தாளில் அந்தப் பெயரையே எழுதுங்கள். எபனி சரியாகக் காயாமல் வந்தால் சுருங்கி ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் கையைக் கீறும். பட்டறையில் அது எத்தனை ஆண்டு கிடந்தது என்று கேட்பதில் தவறில்லை.

நட்டும் சாடிலும் (பிரிட்ஜில் கம்பிகள் தாங்கி நிற்கும் மெல்லிய பட்டை) எலும்பில் இருக்கட்டும்.

8. பட்டறையின் ஈரப்பதம்

மரத்தைப் பற்றிக் கேட்கிற நூறு கேள்விகளுக்கு இந்த ஒன்று சமம்: "டாப்பில் பிரேஸ் ஒட்டும்போது அறையில் எத்தனை சதவீதம் ஈரப்பதம்?" 42 முதல் 50% என்று உடனே பதில் வர வேண்டும். மானியைக் காட்டினால் இன்னும் நல்லது. "ஏசி இருக்கு சார்" என்பது பதில் ஆகாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. 400 மி.மீ. அகல ஸ்ப்ரூஸ் பலகை 45% ஈரப்பதத்திலிருந்து 75%க்குப் போனால், தடையின்றி விட்டால், அகலத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. விரியும். ஆனால் உள்ளே குறுக்கே ஒட்டிய பிரேஸ்களும் சுற்றிலும் ஒட்டிய பக்கங்களும் அதை விரிய விடுவதில்லை. எனவே மேலே உப்பும், கம்பி உயரும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மழை மாதத்தில் கிட்டார் திடீரென்று கடினமாகிவிடுவது இதனால்தான். அப்படிப்பட்ட கிட்டார் ஈரம் குறைந்தால் பழைய நிலைக்குத் திரும்பும்.

எதிர்த்திசைதான் ஆபத்து. 75% அறையில் கட்டிய கிட்டாரை டொராண்டோவுக்கு எடுத்துப் போய், ஹீட்டர் ஓடும் குளிர்கால வீட்டில் 25%இல் வைத்தால் பலகை சுருங்க வழியில்லாமல் பிளக்கும். வெளிநாட்டுத் தமிழர்கள் ஊருக்கு வரும்போது இங்கே ஆர்டர் கொடுத்தால் போகும் ஊரின் ஈரப்பதத்தை எழுதியே கொடுங்கள்.

9. பூச்சும் வசதிப் பொருளும் ஒத்துப்போக வேண்டும்

இதைத் தனித்தனியாக முடிவு செய்து மாட்டிக்கொள்கிறார்கள். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் ரப்பர், வினைல் இரண்டோடும் பகை. ஸ்டாண்டின் ரப்பர்க் கை, வினைல் ஸ்ட்ராப், ஒட்டும் ஆர்ம்ரெஸ்ட் எதுவானாலும் சில வாரங்களில் பூச்சு இளகித் தழும்பு விழும். அரக்குப் பூச்சு மெல்லியது, ஓசைக்கு நல்லது, ஆனால் வியர்வையும் சானிடைசர் ஆல்கஹாலும் அதைக் கரைக்கும். சட்டைக்கை மடித்துவிட்டு வாசிக்கும் நம் ஊர்க்காரருக்கு முன்கை படும் இடம் முதலில் மங்கும். பாலியூரிதேன் இவற்றைத் தாங்கும். கனமாகப் பூசிவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் வேலை.

தொடையில் நிறுத்தும் தாங்கிகளில் உறிஞ்சு கிண்ணம் உள்ளவை பல. நைட்ரோவிலும் அரக்கிலும் அவை வட்டத் தழும்பு போடும். அப்படிப்பட்ட பூச்சு எடுப்பதென்றால் காந்தத் தாங்கியைத் தேர்ந்தெடுத்து, அதன் உள்பாகத்தைப் பக்கத்தின் உள்ளே மெத்தென்று பதித்துத் தரும்படி முன்பே கேளுங்கள். அல்லது தோல் மெத்தை.

10. கிட்டார் வந்த பிறகு வாங்கும் பொருள்கள்

ட்யூனர் மட்டும் விதிவிலக்கு, அதை ஆர்டரிலேயே சொல்ல வேண்டும். சுற்று விகிதம் 1:18 தாராளம். எடையைப் பாருங்கள்: மூடிய வகைக்கும் திறந்த பல்சக்கர வகைக்கும் ஒரு செட்டுக்கு 100 கிராம் வரைகூட வித்தியாசம் வரும். ஸ்ட்ராப் தாங்கும் இடத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கும் 100 கிராம் நெக்கைக் கீழே இழுக்கும். இடது கை அதைத் தூக்கிக்கொண்டே வாசிக்க வேண்டிவரும்.

ஸ்ட்ராப் 50 முதல் 60 மி.மீ. அகலம், உள்பக்கம் சொரசொரப்பான தோல் அல்லது பருத்தி. வழுக்கும் நைலான் பட்டை தலைப்பக்கச் சரிவைத் தடுக்காது. நிற்கும்போது கிட்டார், உட்காரும்போது இருக்கும் அதே உயரத்தில் வரும்படி நீளத்தை வையுங்கள். பின்முனையில் ஜாக் இருந்தால் அதன் தலை சாதாரணப் பட்டனைவிடத் தடித்தது. தோலின் துளையைப் பலவந்தமாகத் திணித்துக் கிழிக்காமல், துளையின் மேல் 5 மி.மீ. பிளவு கத்தரித்துவிடுங்கள்.

கிளிப் ஆர்ம்ரெஸ்ட் பெவலுக்குப் பதில் ஆகுமா? முக்கால்வாசி ஆகும். முன்கை மேற்பலகையைத் தொட்டு அமுக்குவதையும் அது தடுக்கிறது. கார்க் ஒட்டிய கிளிப் வகையை எடுங்கள், இரட்டைப் பக்க டேப் வகை வேண்டாம். கழற்றும்போது லாக்கரும் சேர்ந்து வரும்.

கால்மணை 12 முதல் 15 செ.மீ. உயரம். தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசிப்பவர் தொடைத் தாங்கிக்கு மாறிவிடுவது நல்லது. ஒரு காலை மட்டும் உயர்த்தினால் இடுப்பு திருகும்.

11. ஆர்டர் தாள்

வாய்ப்பேச்சை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரே பக்கத் தாளில் இவை இருக்கட்டும்: உடல் வகையும் ஆழமும், ஸ்கேல், நட் அகலம், பிரிட்ஜ் இடைவெளி, 1ஆம், 9ஆம் ஃப்ரெட்டில் நெக் கனம், கம்பி செட், சுருதி, பெவல் அல்லது வெட்ஜ், பட்டன்களின் இடம், பூச்சு, மரங்களின் முழுப்பெயர், கட்டும் ஈரப்பதம். தேர்ந்தெடுத்த மேற்பலகையின் உள்பக்கத்தில் பென்சிலால் உங்கள் பெயரை எழுதச் சொல்லி, பிரேஸ் ஒட்டும் முன் ஒரு படம் கேளுங்கள். பலகை மாறிப்போவது பெரும்பாலும் ஏமாற்று அல்ல, அலமாரிக் குழப்பம்தான். ஆனால் ஒட்டிய பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எலும்புச் சாடில் ஒன்றுக்கு இரண்டாகக் கேளுங்கள். காரணம் அடுத்த பகுதியில்.

12. கிட்டார் வந்ததும்

பெட்டியைத் திறக்காமல் அறையில் 12 முதல் 24 மணி நேரம் வையுங்கள். லாரிச் சூட்டிலிருந்து நேராக ஏசிக்கு வந்தால் பூச்சில் முடி போன்ற வெடிப்புகள் விழலாம்.

பிறகு அளவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, தடித்த கம்பியை 14ஆம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, 6ஆம் ஃப்ரெட் மேல் இடைவெளியைப் பாருங்கள். 0.15 முதல் 0.25 மி.மீ. சரி. விசிட்டிங் கார்டு ஒன்று 0.3 மி.மீ. வாக்கில் இருக்கும், அது கம்பியைத் தூக்காமல் நுழைந்தால் நெக் வளைவு அதிகம். கேப்போவை எடுத்துவிட்டு 12ஆம் ஃப்ரெட்டில் உயரம்: தடித்த கம்பி 2.3, மெல்லிய கம்பி 1.8 மி.மீ. வாக்கில். அன்றைய ஈரப்பதத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள்.

மழை மாதத்தில் உயரம் 2.8 ஆகிவிட்டால் உடனே ட்ரஸ் ராடைத் திருகாதீர்கள். அது நெக்கின் வளைவைச் சரிசெய்யும், உப்பிய மேற்பலகையைச் சரிசெய்யாது. முதலில் பெட்டிக்குள் 49% இருவழி ஈரப்பதப் பைகளை வைத்து இரண்டு வாரம் பொறுங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் இரண்டாவது சாடில். 12ஆம் ஃப்ரெட்டில் 0.5 மி.மீ. குறைய வேண்டுமானால் சாடிலில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும். அதை இரண்டாவது சாடிலின் அடிப்பக்கத்தில் மட்டும் தேய்த்து, பென்சிலால் "மழை" என்று எழுதிப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் சாடிலைத் தொடாமல் பெட்டியின் அறையில் வையுங்கள், பங்குனியில் அது திரும்பத் தேவைப்படும்.